மைக்ரோகோடை ஏற்றும் வேலையை யாரிடம் விடுவது: பயாஸிடமா, இயங்குதளத்திடமா?

செயலியில் ஒரு பாதுகாப்புக் குறை வெளியானதும் பெரும்பாலும் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்து சேரும். மதர்போர்டு தயாரிப்பாளர் புதிய பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை நிரல்) ஒன்றை வெளியிட்டு, 'மைக்ரோகோட் புதுப்பிக்கப்பட்டது' என்று ஒற்றை வரிக் குறிப்பு எழுதியிருப்பார். மைக்ரோகோட் என்பது செயலிக்குள்ளேயே ஓடும் சிறு கட்டுப்பாட்டு நிரல். இயங்குதளமும் அதே குறைக்கான மைக்ரோகோட் பொதி ஒன்றைத் தானாகவே இறக்கி வைத்திருக்கும். இரண்டும் தேவையா, ஒன்று போதுமென்றால் எது, கணினியை நிறுத்தாமலே இதை முடிக்க வழியுண்டா, எதையும் தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்ற இடத்தில்தான் பலரும் தயங்கி நிற்கிறார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணம், மற்ற மென்பொருள்களைப் போல மைக்ரோகோடும் ஒருமுறை நிறுவினால் நிலைத்துவிடும் என்ற எண்ணம். உண்மையில் அது செயலியில் நிலையாகப் பதிவதே இல்லை. கணினிக்கு மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அதை மறுபடி ஏற்றியாக வேண்டும். அந்த யாரோ ஒருவர் பயாஸா, இயங்குதளத்தின் துவக்கக் கட்டமா, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலா (இயங்குதளத்தின் மையப் பகுதி) என்பதே நம் முன் உள்ள தேர்வு.

## மைக்ரோகோட் தங்கும் இடங்கள்

எளிய கட்டளைகளைச் செயலி தன் மின்சுற்றுகளைக் கொண்டே பிரித்து நிறைவேற்றிவிடுகிறது. சிக்கலான கட்டளைகளுக்கு மட்டும் உள்ளே ஒரு சிறு நிரல் ஓடுகிறது. இப்படி ஒரு கட்டுப்பாட்டு நிரலைக் கொண்டு கணினியை வடிவமைக்கலாம் என்ற கருத்தை மாரிஸ் வில்க்ஸ் 1951-இல் முன்வைத்தார். தொடக்க கால இயந்திரங்களில் அந்த நிரல் மாற்ற முடியாத நினைவகத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. ஐபிஎம் தன் சிஸ்டம்/370 வரிசையில் அதை மாற்றி எழுதத்தக்க நினைவகத்துக்குக் கொண்டுவந்தபோது, மின்சாரம் போனால் நிரலும் போய்விடும் என்ற புதிய சிக்கல் எழுந்தது. ஒவ்வொரு துவக்கத்திலும் நிரலை மறுபடி ஏற்றுவதற்கு மலிவான ஊடகம் ஒன்று தேவைப்பட்டது. ஃப்ளாப்பி டிஸ்க் பிறந்தது அந்தத் தேவைக்காகத்தான். கோப்புகளைப் பையில் எடுத்துச் செல்லும் பொருளாக அது மாறியது பிற்பாடு.

இன்றைய எக்ஸ்86 செயலிகளின் நிலையும் அடிப்படையில் அதுவே. தொழிற்சாலையில் பொறித்த மைக்ரோகோட், செயலிக்குள் உள்ள ரோமில் இருக்கிறது. அதை யாராலும் மாற்ற முடியாது. அதன் அருகே சிறியதொரு ரேமும், பொருத்தப் பதிவேடுகள் சிலவும் உள்ளன. ரோமின் இன்ன முகவரிக்கு ஓட்டம் வந்தால் அங்கிருந்து ரேமில் உள்ள மாற்று நிரலுக்குத் தாவு என்று அந்தப் பதிவேடுகள் சொல்கின்றன. கிழிந்த துணியின் மேல் ஒட்டுப்போடுவது போன்ற ஏற்பாடு இது. ஒட்டுத்துணி அளவோடுதான் இருக்கிறது என்பதால் எல்லாப் பிழைகளையும் இதனால் மூட முடியாது. 1994-இல் பெரும் சர்ச்சையைக் கிளப்பிய பென்டியம் வகுத்தல் பிழையின்போது இந்த ஒட்டு வசதியும் இல்லை. இன்டெல் செயலிகளையே மாற்றித் தர நேர்ந்து, 47.5 கோடி டாலரை அதற்காகக் கணக்கில் ஒதுக்கியது. அடுத்த ஆண்டு வந்த பென்டியம் புரோ வரிசையிலிருந்து, இயக்கத்தின்போது ஏற்றத்தக்க மைக்ரோகோட் ஒட்டு இன்டெல் செயலிகளில் இடம்பெற்றது.

ஒட்டு ஓடும் இடம் எப்போதும் செயலியின் ரேம்தான். அது காத்திருக்கும் இடம்தான் வேறுபடுகிறது. ஒன்று, மதர்போர்டில் உள்ள ஃப்ளாஷ் சில்லில், பயாஸின் பகுதியாக. மற்றொன்று, வட்டில், இயங்குதளத்தின் கோப்பாக. இன்டெலின் தொடக்க கால ஒட்டு 48 பைட் தலைப்பும் 2000 பைட் உள்ளடக்கமுமாக 2048 பைட்டில் அடங்கியது. இப்போதைய ஒட்டுகள் பல நூறு கிலோபைட்டைத் தாண்டுகின்றன. மின்னழுத்தத்தையும் மின்சிக்கனத்தையும் ஆளும் உட்பகுதிகளுக்கான நிரலும் அதே பொட்டலத்தில் வருவது இதற்கு ஒரு காரணம். இந்த விவரம் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், ஒட்டு எவ்வளவு முன்னதாக ஏறுகிறது என்பது. தாமதமாக ஏறும் ஒட்டு, அதற்கு முன் ஓடிவிட்ட நிரல்களுக்குப் பயன்படாது. சில திருத்தங்கள் தாமதமாக ஏறினால் வேலையே செய்வதில்லை. இரண்டாவது, குறை வெளியான நாளிலிருந்து திருத்தம் நம் கைக்கு வந்துசேர எத்தனை நாள் ஆகிறது என்பது. மூன்றாவது, திருத்தமே பிழையாக இருந்தால் பின்வாங்குவது எவ்வளவு எளிது என்பது. இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் மைக்ரோகோடின் வரலாற்றில் இது வெறும் கற்பனைக் கவலை அன்று என்பதைக் கீழே காணலாம். நான்காவது, இடையில் ஏதேனும் தவறினால் நேரும் இழப்பு: ஒரு மறுதொடக்கத்தோடு போகுமா, மதர்போர்டே செயலிழக்குமா? ஐந்தாவது, கணினி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது.

இந்த ஐந்தையும் ஒன்றாக நிறைவு செய்யும் வழி எதுவும் இல்லை. முதல் அளவுகோலில் மேலே நிற்பது மூன்றாவதில் கீழே இறங்கிவிடுகிறது. அடுக்கு எவ்வளவு ஆழமோ, அவ்வளவு உறுதி. அவ்வளவுக்குப் பின்வாங்குவதும் கடினம்.

## பயாஸ் வழியாக

இந்த வழியின் பெரும்பலம் காலம்தான். இன்டெலின் தற்காலச் செயலிகளில், பயாஸின் முதல் கட்டளை ஓடுவதற்கு முன்பே, ஃப்ளாஷ் சில்லில் உள்ள ஃபர்ம்வேர் இடைமுக அட்டவணையைச் செயலியே பார்த்து, தன் குடும்பத்துக்கும் மாதிரிக்கும் பொருந்தும் ஒட்டை எடுத்து ஏற்றிக்கொள்ள முடியும். நினைவகத்தைத் தயார் செய்வது, மின்னழுத்தத்தை அமைப்பது, பாதுகாப்பு அறைகளை (ரகசியத் தரவுக்கென்று செயலி தனியே ஒதுக்கும் பகுதிகளை) திறப்பது ஆகிய எல்லாமே அதற்குப் பிறகுதான் நடக்கின்றன. வட்டை மாற்றினாலும், வேறொரு இயங்குதளத்தை நிறுவினாலும், யுஎஸ்பியிலிருந்து துவக்கினாலும் ஒட்டு அங்கேயே இருக்கிறது.

காலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளின் நிலையின்மைச் சிக்கல் காட்டியது. தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைச் செயலி கேட்டு வாங்கியதால், அதன் உட்சுற்றுகள் காலப்போக்கில் தேய்ந்தன. 2024 ஆகஸ்டில் 129 என்ற எண்ணுள்ள ஒட்டையும், அடுத்த மாதம் மேலும் ஒன்றையும் இன்டெல் வெளியிட்டது. இவை மதர்போர்டு தயாரிப்பாளர்களின் பயாஸ் வழியாகவே பயனர்களைச் சென்றடைந்தன. திருத்தப்படுவது கட்டளை ஒன்றின் விளைவாக இல்லாமல் செயலி மின்சாரம் வாங்கும் முறையாக இருக்கும்போது, இயங்குதளம் விழித்தெழும்வரை காத்திருப்பதில் பொருளில்லை. ஏற்கெனவே தேய்ந்துபோன செயலியை இந்த ஒட்டு மீட்காது என்பதையும் இன்டெல் வெளிப்படையாகச் சொல்லி, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஒட்டை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதன் விலை வன்பொருளிலேயே எழுதப்பட்ட, அரிதான நிகழ்வு இது.

தொலைவில் உள்ள ஒருவரிடம் 'என் செயலி நம்பத்தக்கது' என்று சான்று காட்டும் பாதுகாப்பு அறைத் தொழில்நுட்பங்களைப் பயன்படுத்துவோருக்கும் பயாஸ் வழியே சரி. அந்தச் சான்றில் மைக்ரோகோடின் பாதுகாப்புப் பதிப்பு எண்ணும் சேர்கிறது. பிற்பாடு ஏறிய ஒட்டு பல வேளைகளில் அதில் கணக்கில் வராது.

இனி மறைந்துள்ள செலவுகள். முதலாவது, நீண்ட சங்கிலி. செயலி நிறுவனம் ஒட்டை எழுதும்; அது பயாஸ் நிறுவனத்தின் மூலநிரலில் சேரும்; மதர்போர்டு தயாரிப்பாளர் தன் ஒவ்வொரு மாதிரிக்கும் அதைச் சோதித்து வெளியிடுவார்; கடைசியில் பயனர் கவனித்து நிறுவ வேண்டும். ஏஎம்டியின் ஜென் 2 செயலிகளில் பதிவேடுகளின் உள்ளடக்கம் கசியும் 'ஜென்பிளீட்' குறையை ஆய்வாளர் டாவிஸ் ஓர்மாண்டி 2023 ஜூலையில் வெளியிட்டபோது, சர்வர்களுக்கான மைக்ரோகோட் உடனே கிடைத்தது. மேசைக்கணினிகளுக்கும் மடிக்கணினிகளுக்குமான ஃபர்ம்வேருக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேதி குறிக்கப்பட்டது. குறையின் செயல்விளக்க நிரல் பொதுவெளியில் இருக்க, திருத்தம் மட்டும் ஐந்து மாதம் வழியில் இருந்தது என்று இதைப் படிக்க வேண்டும். மதர்போர்டு சற்றே பழையதாகிவிட்டால் அந்தப் புதிய பயாஸும் வருவதில்லை.

இரண்டாவது, பயாஸ் தனியாக வருவதில்லை. மைக்ரோகோடுக்காக நிறுவும் பதிப்பில் நினைவக அமைப்பு முறை, விசிறி வேகம், துவக்க வரிசை என்று நாம் கேட்காத மாற்றங்களும் இருக்கும். அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பலாம். மெய்நிகராக்க வசதி அணைந்துபோய், மறுநாள் மெய்நிகர் கணினிகள் எழ மறுக்கும்போதுதான் காரணம் புரியும். பிட்லாக்கர் போன்ற வட்டுக் குறியாக்கம் நம்பிக்கைச் சில்லின் (டிபிஎம்) அளவீடுகளோடு பிணைக்கப்பட்டிருந்தால், பயாஸ் மாறியதும் அது மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாதவர் பயாஸைத் தொடக்கூடாது என்றே சொல்வேன்.

மூன்றாவது, எழுதும்போது மின்சாரம் போனால் மதர்போர்டே எழாமல் போகும் அபாயம். மீட்பு வசதியுள்ள மதர்போர்டுகள் இப்போது அதிகமாகிவிட்டன என்றாலும் அபாயம் முழுவதும் நீங்கவில்லை. நான்காவது, பழைய பயாஸுக்குத் திரும்புவதைப் பல தயாரிப்பாளர்கள் பாதுகாப்புக் கருதித் தடுத்துவிடுகிறார்கள். ஐந்தாவதாக ஓர் இடநெருக்கடிக் கதையும் உண்டு. ஏஎம்டி செயலிகளுக்கான ஏஎம்4 வகை மதர்போர்டுகள் பலவற்றில் ஃப்ளாஷ் சில்லின் கொள்ளளவு 16 மெகாபைட்தான். பல தலைமுறைச் செயலிகளுக்குரிய நிரல்கள் அத்தனையும் அதில் அடங்காததால், புதிய செயலிகளுக்கு இடம் கொடுக்கச் சில தயாரிப்பாளர்கள் பழைய செயலிகளுக்கான ஆதரவைப் பயாஸிலிருந்து நீக்கினார்கள்.

## இயங்குதளம் துவங்கும்போது

லினக்ஸில் இதற்கு வழிவகை 2013-இல் வந்த 3.9 பதிப்பிலிருந்து இருக்கிறது. துவக்க ரேம்வட்டின் (துவக்கத்தில் நினைவகத்தில் ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பின்) முகப்பில், சுருக்கப்படாத சிறு காப்பகமாக மைக்ரோகோட் கோப்பு வைக்கப்படுகிறது. கெர்னல் தன் நினைவக அமைப்பை முழுமையாக எழுப்புவதற்கு முன்பே அதைத் தேடி எடுத்துச் செயலியின் முதல் கருவில் (தனித்துக் கணிக்கும் அலகில்) ஏற்றிவிட்டு, மற்றக் கருக்கள் ஒவ்வொன்றும் எழும்போது அவற்றிலும் ஏற்றுகிறது. பயாஸ் ஏற்கெனவே ஏற்றியதைவிடப் புதிய பதிப்பாக இருந்தால் மட்டுமே ஏற்றும். ஆகவே இரண்டு வழிகளையும் சேர்த்து வைத்திருப்பதால் மோதல் எதுவும் நேராது. உறக்க நிலையிலிருந்து கணினி மீளும்போதும் கெர்னலே அதை மறுபடி ஏற்றிவிடுகிறது. விண்டோஸிலும் இன்டெலுக்கு ஒன்றும் ஏஎம்டிக்கு ஒன்றுமாக இரண்டு கணினி நூலகக் கோப்புகள் இதே வேலைக்காக உள்ளன.

விரைவு, பின்வாங்கல் ஆகிய இரண்டு அளவுகோல்களில் இந்த வழி தெளிவாக முந்துகிறது. பின்வாங்கலின் மதிப்பை 2018 ஜனவரி போல் வேறெதுவும் உணர்த்தியதில்லை. செயலி வழியே ரகசியத் தரவு கசியும் ஸ்பெக்டர் குறைக்காக இன்டெல் வழங்கிய ஒட்டு, ஹாஸ்வெல், பிராட்வெல் செயலிகளில் கணினியை எதிர்பாராமல் மறுதொடக்கம் செய்யவைத்தது. அந்த மாதம் 22-ஆம் தேதி, ஒட்டைப் பரப்புவதை நிறுத்துமாறு இன்டெலே கேட்டுக்கொண்டது. லினக்ஸ் விநியோகங்கள் பழைய பொதியை மீண்டும் வெளியிட்டன; அதை நிறுவி மறுதொடக்கம் செய்தவர்களுக்குச் சிக்கல் அத்தோடு தீர்ந்தது, ஏனென்றால் மின்சாரம் போனதும் செயலி பிழையான ஒட்டை மறந்துவிட்டிருந்தது. அதே ஒட்டைப் பயாஸில் எழுதிக்கொண்டவர்கள், முடிந்தால் பழைய பயாஸை எழுதவோ, இல்லையேல் அடுத்ததற்குக் காத்திருக்கவோ வேண்டியிருந்தது. லினக்ஸ் துவங்கவே மறுத்தாலும், மைக்ரோகோட் ஏற்றத்தை முடக்கும் ஒரு கெர்னல் அளவுருவைத் துவக்கப் பட்டியலில் தட்டச்சிட்டால் போதும்.

இதன் குறைகளுக்கு வருவோம். முதலாவது, இயங்குதளத்தை எழுப்பும் சிறு நிரலான பூட்லோடர் ஓடி முடியும்வரை செயலி பழைய ஒட்டோடுதான் இருக்கிறது. மின்னழுத்தச் சிக்கல், பாதுகாப்பு அறைகள் ஆகியவற்றுக்கு இது போதாது என்று பார்த்தோம். இரண்டாவது, பொதி இருக்கிறது என்பதால் நம் செயலிக்கான ஒட்டு அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இன்டெல் தன் ஒட்டுகளைப் பொதுவெளியில் தொகுத்து வெளியிடுகிறது. ஏஎம்டியோ பல ஆண்டுகளாக லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்புக்குப் பெரும்பாலும் சர்வர் செயலிகளுக்கானவற்றையே கொடுத்துவந்தது. ஜென்பிளீட் நேரத்தில் அந்த இடைவெளியை நிரப்ப, கெர்னல் செயலியின் ஒரு கட்டுப்பாட்டுப் பிட்டை மாற்றி, வேகத்தைச் சற்று விட்டுக்கொடுத்துக் குறையை மூடியது. ஏஎம்டியின் ரைசன் செயலியுள்ள மேசைக்கணினி வைத்திருப்பவர் பயாஸை அறவே புறக்கணிக்க முடியாததற்கு இதுவே காரணம். விண்டோஸும் எல்லாச் செயலிகளுக்கும் எல்லா ஒட்டுகளையும் கொண்டுவருவதில்லை.

மூன்றாவது, விநியோகத்தின் கொள்கை. மைக்ரோகோடின் மூலநிரல் வெளியிடப்படுவதில்லை என்பதால் டெபியன் அதைத் தன் முதன்மைத் தொகுப்பில் வைப்பதில்லை. 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து கட்டற்றதல்லாத ஃபர்ம்வேருக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தி வந்தவர்கள் அந்தப் பிரிவைச் சேர்க்க மறந்தால் பொதி ஓசையில்லாமல் பழையதாகவே நின்றுவிடும். மூலநிரல் இல்லாததை ஏற்க மாட்டேன் என்று முற்றிலும் மறுப்பவர்களின் கொள்கையை மதிக்கிறேன். ஆனால் ஒட்டை மறுத்தாலும் ரோமில் பொறித்த அதே நிறுவனத்தின் மூடிய நிரல்தான், பிழைகளோடு, ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கே நம்பிக்கை குறித்தும் ஒரு சொல். இயங்குதளமே ஏற்ற முடிகிறதென்றால், ஊடுருவியவர் ஒருவர் தீய ஒட்டை ஏற்றிவிட முடியாதா? அதைத் தடுக்கத்தான் ஒட்டுகள் கையொப்பமிடப்படுகின்றன. 2025 தொடக்கத்தில் கூகுளின் ஆய்வாளர்கள், ஏஎம்டியின் ஜென் செயலிகள் கையொப்பச் சரிபார்ப்பில் தவறான சுருக்கச் சார்பை (ஹேஷ்) பயன்படுத்தியதையும், அதற்கான சாவி ஒரு தர நிர்ணய ஆவணத்தின் எடுத்துக்காட்டில் அச்சாகியிருந்த அதே சாவி என்பதையும் வெளிப்படுத்தினார்கள். சமவாய்ப்பு எண் தரவேண்டிய கட்டளை எப்போதும் 4 என்றே விடை சொல்லும்படி ஓர் ஒட்டைச் செய்தும் காட்டினார்கள். இதற்கு முன்னதாகவே கெர்னல் அளவிலான முழு உரிமை வேண்டும் என்பதால் தனியாள் கணினியில் கவலை குறைவு. மெய்நிகர் கணினிகளை வாடகைக்கு விடும் சர்வர்களில் இது பெரிய கவலை. இந்த ஓட்டையை அடைக்க, திருத்தம் பயாஸிலேயே இருப்பது நல்லது, ஏனென்றால் சரிபார்க்கும் பகுதியே பழுதாக இருக்கும்போது அதைக் கொண்டு ஏற்றப்படுவதை நம்ப முடியாது. லினக்ஸ் கெர்னலும் தன் பங்குக்கு, அறியப்பட்ட ஏஎம்டி ஒட்டுகளின் சுருக்க மதிப்புப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே ஏற்றத் தொடங்கியது.

## ஓடும்போதே ஏற்றுவது

மறுதொடக்கமே வேண்டாம் என்பதுதான் இந்த வழியின் ஒரே கவர்ச்சி. எல்லாக் கருக்களையும் ஒரு கணம் நிறுத்திவைத்து, ஒட்டை ஏற்றி, மறுபடி ஓடவிடுவது. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவே சிறந்ததாகத் தோன்றும்.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள், செயலிக்கு என்னென்ன திறன்கள் உண்டு என்பதைத் தொடக்கத்தில் ஒருமுறைதான் கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. 2014-இல் ஹாஸ்வெல் செயலிகளின் டிஎஸ்எக்ஸ் வசதியில் (நிரலின் பல பகுதிகள் ஒரே தரவைக் கையாள்வதை விரைவாக்கும் கட்டளைகள்) பிழை கண்டறியப்பட்டு, அந்த வசதியையே அணைக்கும் ஒட்டை இன்டெல் வெளியிட்டது. லினக்ஸின் அடிப்படை சி நூலகம் பூட்டுகளை விரைவாக்க அந்தக் கட்டளைகளைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. ஓடும்போதே ஒட்டு ஏறிய கணினிகளில், நேற்றுவரை இருந்த கட்டளை இன்று இல்லாமல் போக, நிரல்கள் 'சட்டவிரோதக் கட்டளை' என்ற பிழையோடு மடிந்தன. நிறுத்தத்தைத் தவிர்க்க எடுத்த வழியே நிறுத்தத்தைக் கொண்டுவந்தது.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. செயலியின் உள் இடைத்தாங்கிகளிலிருந்து தரவு கசியும் எம்டிஎஸ் குறைகள் 2019 மே மாதம் வெளியானபோது, அந்த இடைத்தாங்கிகளைத் துடைக்கும் புதிய வேலையைப் பழைய கட்டளை ஒன்றுக்கு மைக்ரோகோட் ஏற்றிக் கொடுத்தது. அந்தக் கட்டளையை உரிய தருணங்களில் அழைக்க வேண்டியது கெர்னல். துவக்கத்தில் அந்தத் திறன் இல்லை என்று குறித்துக்கொண்ட கெர்னல், நடுவில் ஒட்டு ஏறியதும் தானாகத் தன் முடிவுகளையெல்லாம் திருத்திக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. பதிப்பு எண் புதியதாகத் தெரிய, பாதுகாப்பு மட்டும் வந்திருக்காது.

லினக்ஸ் மேம்பாட்டாளர்கள் 2022-இல் வந்த 5.19 பதிப்பில் இந்த வழியை இயல்பாக அணைத்துவைத்ததும், மீறிப் பயன்படுத்தினால் கெர்னல் கறைபட்டதாக (நம்பகம் குறைந்ததாக) குறிக்கத் தொடங்கியதும் இதனால்தான். பின்னர் 6.7 பதிப்பில், 'இன்ன பதிப்பிலிருந்து மேலே வருவோர் மட்டும் ஓடும்போதே ஏற்றலாம்' என்று இன்டெல் ஒட்டின் தலைப்பில் குறிக்கப்படும் குறைந்தபட்ச எண்ணைச் சோதிக்கும் வசதி வந்தது. அந்த எண் குறிக்கப்பட்ட ஒட்டு, மறுதொடக்கத்துக்கு வாரக்கணக்கில் திட்டமிட வேண்டிய பெரிய சர்வர் தொகுதி, முன்கூட்டியே ஒரு சில கணினிகளில் ஒத்திகை பார்க்கும் குழு ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் இதைப் பயன்படுத்தலாம். தனியாள் கணினியில் இதைப் பயன்படுத்த எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

## தொடாமல் விடுவது

இதையும் ஒரு தேர்வாக நேர்மையாக எடைபோட வேண்டும், ஏனென்றால் ஒட்டுகள் வேகத்தைக் குறைக்கலாம் என்பது உண்மை. 2023 ஆகஸ்டில் ஆய்வாளர் டேனியல் மொகிமி வெளியிட்ட 'டவுன்ஃபால்' குறைக்கான இன்டெல் ஒட்டு, சிதறிய தரவுகளைத் திரட்டும் கட்டளையை மெதுவாக்குகிறது. சில வகை வேலைகளில் இழப்பு 50 விழுக்காடு வரை போகலாம் என்று இன்டெலே கூறியது. வலையமைப்போடு இணையாத, ஒரே குழு எழுதிய நிரல்கள் மட்டும் ஓடுகிற கணிப்புக் கணினியில், இந்த விலையைக் கொடுப்பது வீண்.

அங்கேயும் ஒட்டை மறுப்பது சரியான கருவி அன்று. ஒரே பொட்டலத்தில் பாதுகாப்புத் திருத்தங்களோடு, தவறான விடை, திடீர் முடக்கம் போன்ற செயல்பாட்டுப் பிழைகளுக்கான திருத்தங்களும் இருக்கின்றன. ஒட்டை ஏற்றிவிட்டு, வேகத்தைக் குறைக்கும் அந்த ஒரு தடுப்பை மட்டும் கெர்னல் அளவுரு மூலம் அணைப்பது, டவுன்ஃபாலைப் பொறுத்தவரை முடியும். உலாவியில் முன்பின் அறியாத தளங்களின் நிரல்களை நாள்தோறும் ஓடவிடும் கணினிக்கு இந்த விவாதமே பொருந்தாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பயாஸ் | இயங்குதளத் துவக்கம் | ஓடும்போதே |
|---|---|---|---|
| ஏறும் நேரம் | முதல் கட்டளைக்கு முன்போ, உடனடியாகவோ | பூட்லோடருக்குப் பின், கெர்னலின் தொடக்கத்தில் | எல்லாம் ஓடத் தொடங்கிய பின் |
| வந்துசேரும் வேகம் | வாரங்கள், மாதங்கள். சில மதர்போர்டுகளுக்கு வராது | பெரும்பாலும் நாட்கள். செயலியைப் பொறுத்தது | பொதி வந்த அன்றே |
| பின்வாங்கல் | கடினம், சில வேளை முடியாது | பழைய பொதி, ஒரு மறுதொடக்கம் | மறுதொடக்கம் தேவை |
| தவறினால் இழப்பு | மதர்போர்டே எழாமல் போகலாம் | ஓர் அளவுருவால் மீளலாம் | ஓடும் நிரல்கள் மடியலாம் |
| நிறுத்தம் | அதிகம் | ஒரு மறுதொடக்கம் | கணநேரம் |

## எந்த நிலையில் எது

இன்டெல் செயலியும் ஆதரவிலுள்ள லினக்ஸ் விநியோகமும் உள்ள கணினியில் இயங்குதள வழியையே அடிப்படையாகக் கொள்ளலாம். மதர்போர்டுக்குப் புதிய பயாஸ் வருவது நின்றுவிட்ட பழைய கணினிக்கு அதுவே ஒரே வழியும்கூட. மின்னழுத்தம், நினைவகம், பாதுகாப்பு அறை, ஒட்டுச் சரிபார்ப்பு ஆகியவற்றில் ஒன்றைத் தொடும் திருத்தம் என்று அறிவிப்பில் கண்டால், பயாஸைத் தள்ளிப்போடக் கூடாது. ரைசன் மேசைக்கணினியும், விண்டோஸ் மட்டும் ஓடும் கணினியும் பயாஸ் வெளியீடுகளை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது பார்த்துக்கொள்வது நல்லது. அப்படி எழுதும்போது மீட்புச் சாவியையும், தற்போதைய அமைப்புகளின் குறிப்பையும் கணினிக்கு வெளியே வைத்துக்கொண்டு, மடிக்கணினியை மின்னிணைப்பில் செருகிய பிறகே தொடங்க வேண்டும்.

மெய்நிகர் கணினிக்குள் மைக்ரோகோட் பொதியை நிறுவுவதால் பயனில்லை. விருந்தினர் இயங்குதளத்தால் உண்மைச் செயலியில் எதையும் ஏற்ற முடியாது. அது தாங்கும் கணினியின் பொறுப்பு. அங்கே ஒட்டு ஏறிய பிறகும், புதிய திறன்கள் உள்ளே தெரிய, மெய்நிகர் கணினியை முழுவதும் அணைத்து மறுபடி இயக்க வேண்டியிருக்கும். உள்ளிருந்தே மறுதொடக்கம் செய்வது பல வேளைகளில் போதாது.

முடிவெடுப்பதற்கு முன், தன் கணினியில் இப்போது ஏற்றுவது யார் என்பதைப் பார்த்துவிடலாம். லினக்ஸின் புதிய பதிப்புகளில், துவக்கப் பதிவில் மைக்ரோகோட் என்று தொடங்கும் வரிகள் தற்போதைய பதிப்பையும், கெர்னல் ஏற்றியிருந்தால் எந்தப் பதிப்பிலிருந்து உயர்த்தியது என்பதையும் சொல்கின்றன. விண்டோஸின் பதிவகத்தில், செயலி பற்றிய பிரிவில், தற்போதைய ஒட்டின் எண்ணும் முந்தைய ஒட்டின் எண்ணும் அருகருகே உள்ளன. இரண்டு எண்களும் வேறுபட்டால் வேலையை இயங்குதளம் செய்கிறது. பயாஸ் அந்த அளவுக்குப் பின்தங்கியிருக்கிறது. இரண்டும் ஒன்றே என்றால், பயாஸே புதியதாக இருக்கலாம், அல்லது பொதி நிறுவப்படாமலோ அதில் இந்தச் செயலிக்கான ஒட்டு இல்லாமலோ இருக்கலாம். அந்த எண்ணைச் செயலி நிறுவனத்தின் அறிவிப்பில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இவற்றில் எது என்பது தெரிந்துவிடும்.